முதல் பட்டத்தோடு மெலியும் சலுகை

விழுப்புரத்தில் 2017ஆம் ஆண்டு அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்ட பின், கெடார் போன்ற சுற்றுவட்டார ஊர்களின் பிள்ளைகளுக்கு, சட்டத்தில் இளநிலைப் பட்டம் பெறுவதற்காக வெளியூரில் தங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் குறைந்தது. அதே மாணவர் எல்.எல்.எம். எனப்படும் முதுநிலைச் சட்டப் படிப்பை நாடும்போதுதான், கல்விச் சலுகைகளில் பல இளநிலையோடு நின்றுவிடுவது தெரியவருகிறது.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவருக்கென 2010-11 முதல் வழங்கப்படும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, பெயருக்கேற்ப, அவர் பட்டதாரியானதும் முடிந்துவிடுகிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் இளநிலையைத் தாண்டுவதில்லை. கல்விக் கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியமோ, இளநிலை, முதுநிலை இரண்டில் ஒன்றுக்கு, அதுவும் வாழ்நாளில் ஒரே முறைதான் கிடைக்கும்; பி.ஏ.,எல்.எல்.பி. படிப்பிலேயே அதைப் பயன்படுத்திவிட்டவருக்கு எல்.எல்.எம். வரும்போது மிச்சம் ஏதுமில்லை.

முதுநிலையிலும் தொடர்வது, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புகளுக்கான உதவித்தொகையே. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான இத்திட்டத்தில், ஆதிதிராவிடர்க்கான செலவை மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. கட்டாயக் கட்டணங்களோடு, தொழிற்படிப்புகளுக்கான முதல் பிரிவில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாயும், வீட்டிலிருந்து சென்றுவருபவருக்கு 7,000 ரூபாயும் படியாக உண்டு. மத்திய அரசின் பங்கு ஆதார் இணைந்த வங்கிக் கணக்கில் மாணவருக்கே நேரடியாக வருவதால், கல்லூரி குறித்த கெடுவுக்கு முன் அது வந்துசேராவிட்டால், கட்டணத்தைப் புரட்டும் பொறுப்பு குடும்பத்தின் தலையில் விழுகிறது. 13,500 ரூபாயை 12 மாதங்களுக்கு வகுத்தால் மாதத்துக்கு 1,125 ரூபாய் வரும். சென்னையில் தனியார் விடுதியொன்றின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவுக்கே இது காணாது. அரசுக் கல்லூரிகளில் கட்டணத்தைவிடத் தங்கிப் படிக்கும் செலவே ஏழை மாணவரைத் தடுக்கிறது எனலாம். சலுகைத் திட்டங்களின் கவனமோ பெரும்பாலும் கட்டணத்தின் மீதே இருக்கிறது.

சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராவதற்கு 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் எல்.எல்.எம். பட்டமும், நெட் அல்லது செட் எனப்படும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பொதுவாகத் தேவை. அதனால் யாரெல்லாம் நாளை சட்டம் கற்பிப்பார்கள் என்பதையும் இந்த உதவித்தொகையே ஓரளவு தீர்மானிக்கிறது. வறிய குடும்பத்து இளம் வழக்குரைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு உதவும் திட்டத்தைத் தமிழக அரசு 2020இல் கொண்டுவந்தது. ஆக, நீதிமன்றம் செல்பவருக்கு இரண்டாண்டுகளில் 72,000 ரூபாய். அதே காலத்தில் விடுதியில் தங்கி எல்.எல்.எம். படிப்பவருக்கு, கட்டணம் நீங்கலாக, 27,000 ரூபாய்.