கடை வாசலில் ஒரு படி

நமது கடைக்கு இருபது வருடமாக வந்துபோகும் ஓர் அம்மையார், சென்ற ஐப்பசி அடைமழையில் கால் கிலோ துவரம் பருப்பும் ஒரு டப்பா பெருங்காயமும் வாங்கிக்கொண்டு இறங்கும்போது வாசற்படியில் சறுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. படியில் டைல்ஸ் ஒன்று பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது நமக்குத் தெரியும். கொத்தனாரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டேயிருந்தோம். மழையின் மேல் பழி போட நமக்கு வாய் வரவில்லை.

வயதானால் விழத்தான் செய்வார்கள் என்பது நம்மில் பலர் சொல்லும் சமாதானம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். உயிரிழப்பு 60 வயதைத் தாண்டியவர்களிடமே அதிகம். இதில் ஒரு பகுதி தடுக்கக்கூடியது என்பதும் அனுபவத்தில் தெரிந்ததே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வடகரைப் பகுதியில் 1992 முதல் 1996 வரை ஒரு ஊர்த் திட்டம் நடந்தது. டாக்டர்கள், உள்ளாட்சி மன்றங்கள், மருந்துக் கடைக்காரர்கள் எல்லோரும் கைகோத்து, முதியோரின் செருப்பு, கண் பார்வை, மருந்து, உடற்பயிற்சி, வீட்டிலும் நடைபாதையிலும் உள்ள தடைகள் என்று ஒவ்வொன்றாகக் கவனித்தார்கள். திட்டம் நடக்காத ஒத்த பகுதியோடு ஒப்பிட்டபோது, விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. மருந்துக் கடைக்காரரும் நம்மைப் போல் வியாபாரிதானே!

அம்மையார் விழுந்த பிறகு, நமது தெருவில் எட்டுக் கடைக்காரர்கள் ஒரு ஞாயிறு மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, சாக்பீஸோடு கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தோம். ஆபத்தான இடத்தில் எல்லாம் வட்டம் போட்டோம். நமது கடை வாசலிலேயே மூன்று வட்டம்!

படிகள்தான் மோசம். சாலையை மேல்மேலே போட்டுப் போட்டு, ஒரு கடைக்கு இறங்க வேண்டும், அடுத்த கடைக்கு ஏற வேண்டும். ஒரே வாசலில் ஒரு படி 4 அங்குலம், அடுத்தது 9 அங்குலம். கால் முதல் படியின் அளவை நம்பி அடுத்ததை வைக்கிறது; அங்கேதான் தடுக்குகிறது. 6 அங்குல உயரம், ஓரடி அகலம், எல்லாப் படியும் ஒரே அளவு என்று கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கென்று அமைந்தவர்களுக்குக் குனிந்தால் படி விளிம்பு மங்கித் தெரியும். விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு அடித்தோம். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய், வெல்டிங் பட்டறையில் சொன்னால் அரை நாளில் வந்துவிடும்.

அடுத்தது எண்ணெய். டின் கசிந்தால் பையன் பழந்துணியால் துடைத்துவிட்டுப் போவான். அது வழுக்கலைப் பரப்புமே தவிரப் போக்காது. தவிட்டையோ மரத்தூளையோ தூவி, ஊறவிட்டுக் கூட்டி, பிறகு சோப்புத் தூள் தண்ணீரில் கழுவ வேண்டும். காலையில் வாசல் தெளிப்பதும் அப்படியே. கோலம் போடலாம், பளபளக்கும் கல்லில் தண்ணீர் தேங்கக் கூடாது.

சண்டை வந்தது மூட்டைகளால்தான். நடைபாதையில் மூட்டை அடுக்கினால் வயதானவர்கள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. "கிழவர்களுக்காகக் கடையைச் சுருக்கவா?" என்று மொத்த வியாபாரி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். பென்ஷன் வந்ததும் மாத மளிகைச் சீட்டோடு நம் கடைக்கு வருகிறவர்கள் அவர்களே. அவர் முழுதும் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் லோடு இறக்குவதைக் காலை 7 மணிக்குள் முடித்து, மூட்டையை உள்ளே தள்ளச் சம்மதித்தார்.

அம்மையார் இப்போது கைத்தடியோடு நடமாடுகிறார். கடைக்கு வருவதில்லை, சாமானைப் பேரன் வாங்கிப்போகிறான். கல்லாவுக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட்டு வைத்திருக்கிறோம்.

சாக்கடை மூடி உடைந்த இரண்டு இடங்களும், எரியாத தெருவிளக்கும் நம் கைக்கு எட்டாதவை. அதற்காக நகராட்சிக்கு மனு எழுதியாயிற்று. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் கடை முத்திரையை மறக்காமல் எடுத்து வரவும்.