உங்களுக்குத் தெரியுமா? ஒடியல் மாவையும் பக்டீரியா சோதித்தது!

■ சாவகச்சேரி வீடுகளில் கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்கும் ஒடியல் மாவு ஆய்வுகூடத்துக்கும் போயிருக்கிறது. எலிகளுக்கு அதை ஊட்டியபோது ஏற்பட்ட நச்சு விளைவுகளை இலங்கை ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்டனர். அம்மாவு சல்மொனெல்லா பக்டீரியாவின் மரபணுவை மாற்றக்கூடியது என்று 1985இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

■ இந்த வகைச் சோதனையை 1970களில் உருவாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் ஏம்ஸ். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானாகச் செய்ய முடியாத சல்மொனெல்லாவை, அந்த அமிலம் மிகக் குறைவாக உள்ள தட்டில் விட்டு, சோதிக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். ஈரலில் மாற்றமடைந்த பிறகே நஞ்சாகும் பொருட்களும் உண்டு. ஆகவே எலி ஈரல் சாறும் சேரும். மரபணு மாறி, ஹிஸ்டிடினைத் தானாகச் செய்யத் தொடங்கிய பக்டீரியா தட்டில் வெள்ளைப் புள்ளிகளாக வளரும். இரண்டு நாளில் அந்தப் புள்ளிகள் வழமையைவிடப் பெருகினால், அப்பொருள் மரபணுவை மாற்றுகிறது என்று பொருள்.

■ பக்டீரியா மாறியதற்காக மனிதருக்குப் புற்றுநோய் வரும் என்று முடிவுகட்ட முடியாது. இது முதற்கட்டச் சோதனை மட்டுமே. விலங்குகளிலும் மனிதரிலும் மேலும் ஆராய வேண்டும்.

■ பாக்கின் கதை வேறு. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் உறுதிசெய்தது. பாக்கு மெல்வதை இன்றே விடுங்கள்.