பஞ்சு பறக்கும் ஊரில் 580 வோல்ட்

நூற்பாலைக்குள் ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே காற்றே ஈரமாக இருக்கும். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை ஓடவிட்டு 55, 60 சதவீத ஈரப்பதத்தைக் காப்பாற்றுவார்கள். காற்று காய்ந்தால் நார் உரசி மின்னேற்றம் பிடிக்கும், உருளையில் சுற்றிக்கொள்ளும், இழை அறும். ஈரம் இருந்தால் அந்த மின்னேற்றம் கசிந்து போய்விடும். ஆலைக்கு நல்லதாகிற இந்தக் கசிவுதான் எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போனுக்குப் பகை. மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் அது பாடும்.

சாதாரண ஹெட்போனில் இருக்கும் காந்தமும் காயிலும் இதில் கிடையாது. துளையிட்ட இரண்டு தகடுகள், நடுவே இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960இல் எஸ்ஆர்-1 என்ற பெயரில் முதன்முதலாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஸ்டாக்ஸ் மாடல்களில் படலத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தம் 580 வோல்ட். சென்ஹைசரின் ஹெச்இ 1 ஹெட்போனில் படலத்தின் தடிமன் 2.4 மைக்ரான். ஒரு பஞ்சு இழையோ 12 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில்தான். அதற்குள் ஓர் இழை நுழைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் நல்லூரில் பஞ்சு கம்பெனிக்குள்ளேயே தங்கிவிடுவதில்லை. துணி ரோலோடு டெம்போவில் வரும், வேலை முடிந்து வருபவரின் சட்டையோடு வீட்டுக்குள் நுழையும். சீலிங் ஃபேன் இறக்கையின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி உரிந்து வரும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இதோடு செம்மண்ணையும் கொண்டுவந்து சேர்க்கும். இந்த ஃபேனுக்கு நேர் கீழே, ஸ்டாண்டில் திறந்தபடி தொங்குகிறது லட்சங்கள் விலையுள்ள ஹெட்போன். மின்னேற்றம் உள்ள படலம் தூசியைக் கூப்பிட்டு இழுக்கும். படலத்தின் இருபுறமும் தூசித் தடுப்பாக இன்னொரு மெல்லிய உறை உண்டு என்பது உண்மை. ஆனால் அதுவும் பழசாகும், கிழியும்.

உள்ளே போன இழை சும்மா கிடந்தாலும் பரவாயில்லை. பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை இயல்பாகவே வைத்திருக்கும். பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். படலம் பெரும்பாலும் பாலியஸ்டர் வகை. அதன்மேல் ஈரம் குடித்த பஞ்சு பாலம் போட்டால் மின்னேற்றம் அதன் வழியே கசியும். ஒரு காதில் சத்தம் இறங்கும், அல்லது மொறுமொறுவென்று இரையும். ஐப்பசி மழையில் பஞ்சே இல்லாமலும் இது நடக்கலாம். அப்போது பாட்டை நிறுத்திக் காயவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும். பழுது என்று முடிவு கட்டித் திறந்துவிடாதீர்கள்.

திறந்துவிட்டால் அடுத்து நீளும் கை எது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓவர்லாக் மெஷினில் அடைத்த பஞ்சை ஏர் கன்னால் ஊதித் தள்ளிப் பழகிய கை அது. கம்ப்ரஸர் காற்று 2 மைக்ரான் படலத்தைத் தகட்டோடு அறையும். தொய்ந்த படலத்தை மறுபடி இழுத்துக் கட்ட இங்கே ஆள் இல்லை. செக்கிங் டேபிளில் கறை எடுக்கும் திரவமும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். படலத்தின்மேல் மின்னேற்றத்தைப் பரப்பும் பூச்சு ஒன்று இருக்கிறது. துடைத்தால் தூசியோடு அதுவும் போய்விடும். ஒரு பக்கத்து டிரைவரை, அதாவது படலமும் தகடுகளும் சேர்ந்த பாகத்தை, மட்டும் மாற்றினால் இரண்டு காதும் ஒத்துப்போகாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். செலவு எவ்வளவு என்று உட்கார்ந்துகொண்டு கேட்பது நல்லது.

காட்சிக்கு வைக்க ஆசை என்றால் கதவுள்ள ஷோகேஸ் போதும், ஜன்னல் வெயில் படாத இடமாக. ஹெச்இ 1க்குப் பளிங்குக் கல்லில் பீடம் செய்த சென்ஹைசரே, ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்து மூடி போட்டிருக்கிறது. எக்ஸ்போர்ட் கார்ட்டனில் போடும் சிலிக்கா ஜெல் பாக்கெட் இங்கே யாரிடமும் கிடைக்கும், நாலைந்து உள்ளே போடுங்கள். நீல மணிகள் வெளிறி ரோஸ் நிறமானால் மாற்றிவிடுங்கள். தலையில் மாட்டும்போது காது மெத்தையை அழுத்த வேண்டாம். 'பர்ர்' என்று கேட்டால், காற்று அழுத்திப் படலம் தகட்டைத் தொடுகிறது என்று பொருள்.

580 வோல்ட் என்றதும் பலரும் பயப்படுவது தவறான இடத்தில். அந்த மின்னழுத்தம் மெகா ஓம் கணக்கிலான ரெசிஸ்டர் வழியாக வருகிறது, கரன்ட் மிகக் குறைவு. ஆளைக் கொல்லக்கூடியது ஆம்ப்ளிஃபயர். தகடுகளை ஓட்டுவதற்கே உள்ளே சில நூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கும். டிவி, மிக்சி பார்க்கும் கடையில் இதைக் கழற்றக் கொடுக்காதீர்கள். ஒயர் உறை வெடித்திருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிக் காதில் மாட்டவும் வேண்டாம்.

பழைய ஸ்டாக்ஸ் மாடல்களின் பிளக்கில் 6 ஊசி, புதியவற்றில் 5. பழையது 230 வோல்ட்டுக்குச் செய்தது, 580 வோல்ட் சாக்கெட்டில் நுழையாது. நுழையக் கூடாது என்றுதான் நடு ஊசியை வைத்தார்கள். அதை வெட்டிவிட்டுச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து மலிவாக வந்த ஆம்ப்ளிஃபயர் என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 100 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் சுவரில் வருவது 230.