கூடாரம் மாட்டும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

கரிசல் கிராமங்களிலிருந்து இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் கிளம்பும் ‘குட்டி யானை’ சரக்கு வண்டியில் தார்ப்பாய் கட்டி, குறுக்கே பலகை போட்டு, மேலும் கீழுமாக ஆட்கள் உட்கார்ந்திருப்பது கோவில்பட்டிக்குப் பழகிய காட்சி. இப்போது பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் மடக்குக் கூடாரம் பொருத்தும் ஆசையும் பரவுகிறது. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தி உயர்த்தினால் உள்ளே படுக்கலாம், சமைக்கலாம். இரண்டுக்கும் சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டி எதற்காகப் பதிவானது?

சரக்கு வண்டியின் பின்னால் இலவசமாக ஏறிவந்தவருக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அந்தத் தொகை வண்டி உரிமையாளரின் தலையில்தான் விழும். ஆகவே, வண்டி ஓடும்போது கூடாரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது, குழந்தைகள்கூட.

அடுத்தது மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. மீறினால் 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். “கழற்றிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது” என்று பட்டறையில் சொல்வது போதாது. சேஸிஸைத் தொடுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய அளவு. விற்பவர் சொல்வது காலிக் கூடாரத்தின் எடை. 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. நான்கு பெரியவர்கள் என்றால் 250 கிலோ தாண்டும். எல்லாம் ஏற்றியபின் ஒரு முறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

கரிசல் மண் மழையில் ஊறி உப்பும், வெயிலில் வெடிக்கும். கூடாரத்தைத் தாங்கும் ஜாக்கிக் கால் ஒன்று புதைந்தாலே கூரை கோணிக்கொள்ளும். காலுக்கடியில் அகலப் பலகை வையுங்கள். கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக் காற்று உயர்த்திய கூரையையும் தள்ளும். பலத்த காற்றில் கூரையை இறக்கிவிடுங்கள்.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தனர். உள்ளே சட்டவிரோதமாகக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். கூடாரத்தின் துணிச்சுவருக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். மூடிய இடத்தில் கரி அடுப்பு வைத்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். கேஸ் கசிந்தால் 1906ஐ அழையுங்கள்.

கூடாரம் ஒழுகினாலோ, சொன்ன எடையைவிடக் கூடுதலாக இருந்தாலோ, முதலில் விற்றவரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இன்சூரன்ஸ் கோரிக்கை மறுக்கப்பட்டால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கூடாரம் பற்றிய புகாருக்குக் கையில் ஜி.எஸ்.டி. பில் இருப்பது நல்லது. துண்டுச்சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.