கியர் நழுவுகிறதா? இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பு இதைப் பாருங்கள்!

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்க்கொண்டிருந்தோம். பின் சீட்டில் மனைவி. முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த ஜல்லி லாரியைத் தாண்டுவதற்காக இரண்டாவது கியரில் முறுக்கினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் அலறியது, வண்டி இழுக்கவில்லை. எதிரே பஸ். பிரேக்கைப் பிடித்து, எப்படியோ லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன்.

அந்த கியர் ஆறு மாதமாகவே அவ்வப்போது நழுவிக்கொண்டுதான் இருந்தது. ‘மறுபடி மிதித்தால் விழுந்துவிடுகிறதே’ என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் மெக்கானிக்கிடம், “கியர் பாக்ஸ் போயிடுச்சு போல, பிரிச்சிடுங்க” என்றேன். “அவசரப்படாதீங்க சார்” என்றபடி முதலில் கிளட்ச் கேபிளைத்தான் கழற்றினார். உள்ளே துரு. கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று செய்யும் வேலை இது. கேபிள் இறுகினால் கிளட்ச் முழுசாக விடாது. அப்படியே கியர் மாற்ற மாற்ற, உள்ளே உலோகம் உரசித் தேயும்.

அடுத்து கியர் லீவர் ஆடுகிறதா, செயின் தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு ஆயில். மழைத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருக்கும். பல வண்டிகளுக்கு இந்தச் சின்னச் செலவுகளோடு கோளாறு தீர்ந்துவிடும். எனக்குத் தீரவில்லை. கேபிளை மாற்றிய பிறகும், முறுக்கினால் நழுவியது.

“அப்போ டாக் தேஞ்சிருக்கு” என்றார்.

கியர்களின் வெளிப்பற்கள் எப்போதும் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியரின் பக்கவாட்டில் சில தடித்த கட்டைகள் இருக்கும். அவைதான் டாக். நாம் லீவரை மிதிக்கும்போது ஃபோர்க் என்ற கவை ஒரு கியரைப் பக்கவாட்டில் தள்ளி, அடுத்த கியரோடு பூட்டுகிறது. டாக்கின் விளிம்பு மழுங்கினால் பூட்டு நிற்காது. இழுவை கூடும்போது விலகிவிடும். அதனால்தான் தாண்டிப்போகும் நேரம் பார்த்துக் கைவிடுகிறது.

இங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. வெல்டிங் வைத்துத் தேய்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. கியருக்கு மேல்பரப்பில் மட்டும்தான் தனியாகக் கடினம் ஏற்றியிருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அது போய்விடும். உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால், பின்சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளலாம். டாக் கோத்துக்கொள்ளும் இரண்டு கியரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று பழையதாக இருந்தால் புதியதையும் தின்றுவிடும். வளைந்த, மெலிந்த ஃபோர்க்கையும் விட்டுவைக்கக் கூடாது.

1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் பழைய புல்லட்டில் கியர் பாக்ஸ் தனிப்பெட்டி. வலது காலால் மாற்றும் நான்கு கியர். இன்ஜினைத் தொடாமலே மூடியைத் திறந்து வேலை பார்க்கலாம். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினும் கியரும் ஒரே கூட்டுக்குள். அதனால் இன்ஜினை இறக்கி, இரண்டாகப் பிளக்க வேண்டும். பாகத்தைவிடக் கூலி பெரிதாகத் தெரியலாம். எனவே பிரிக்கும்போதே பேரிங், ஆயில் சீல், பேக்கிங் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். இன்னொரு முறை பிரிக்கும் கூலி மிச்சம்.

புதுப் பாகம் நீடிக்க, கிளட்ச்சை முழுசாகப் பிடித்து மாற்றுங்கள். ஓடும்போது லீவர் மேல் கால் வைத்திருக்காதீர்கள். கேபிளுக்கும் செயினுக்கும் அவ்வப்போது ஆயில் விடுங்கள்.

வண்டியை எடுக்கும்போது, கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நானும் வாங்கி வந்தேன். மழுங்கிய டாக்கை விரலால் தடவிப் பார்த்த மனைவி கேட்டார்: “ஆறு மாசமா இதை வெச்சுக்கிட்டா என்னைப் பின்னாடி உட்கார வெச்சீங்க?”

பதில் சொல்ல முடியவில்லை.