தேங்காய் விழுந்தால் கூரை தாங்குமா? கால்க் சொல்லும் கணக்கு

எங்கள் ஊர் ஆவுடையார்கோவில். இங்குள்ள ஆத்மநாதர் கோயிலுக்கு வருபவர்கள் அண்ணாந்து பார்ப்பது கொடுங்கையைத்தான். மரச் சட்டமும் கம்பியும் போலக் கருங்கல்லில் செதுக்கிய கூரை அது. அதிலுள்ள துளைகளைக் காட்டி, கல்லா மரமா என்று பார்க்க வெள்ளைக்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதாகக் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, விஷயம் சரிதான். எடை குறைவான குண்டும் வேகமாக மோதினால் கல்லைப் பெயர்க்கும். இப்படி மோதும்போது வரும் சுமையைத் தாக்குச் சுமை என்பார்கள்.

இந்தக் கவலை என் வீட்டிலும் வந்தது. புதிய கம்ப்யூட்டரைத் தென்னைக்கு அருகிலுள்ள ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறையில் வைத்தேன். பிள்ளைகள் உட்கார்வதும் அங்கேதான். தலைக்கு மேல் தேங்காய் விழுந்தால்? கம்ப்யூட்டரிடமே கேட்டுவிட்டேன். நீங்களும் கேட்கலாம்.

முதலில் ஓர் அளவு தேவை. ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாயின் நடுவில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டேன். குழாய் 5 மி.மீ. இறங்கியது. அப்படியானால் 2 கிலோ தேங்காய்க்கு 0.4 மி.மீ. இறங்கும்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், அல்லது எக்செல் திறந்துகொள்ளுங்கள். செல் பெயர்களில் வரும் ‘பி’யை மட்டும் ஆங்கில எழுத்தாக டைப் செய்யவும்.

பி1: எடை, 2 (கிலோ)
பி2: விழும் உயரம், 6000 (மி.மீ.)
பி3: இறக்கம், 0.4 (மி.மீ.)
பி4: =1+(1+2*பி2/பி3)^0.5
பி5: =பி1*பி4

என்டர் தட்டியதும் பி4ல் சுமார் 174, பி5ல் சுமார் 348 வரும். 2 கிலோ தேங்காய், கிட்டத்தட்ட 350 கிலோ எடை ஏற்றியது போலத் தாக்குகிறது!

விழும் பொருளின் ஆற்றல் முழுவதும் குழாயை வளைக்கவே செலவாகிறது என்று வைத்துக்கொண்டு எழுதிய சூத்திரம் இது. இனி எண்களை மாற்றிப் பாருங்கள். உயரத்தை 1500 ஆக்கினால் சுமை பாதியாகும். இறக்கத்தை 4 ஆக்கினால் சுமார் 112 கிலோதான் வரும். வளைந்து கொடுக்கும் கூரைக்கு அடி குறைவு. உயரத்தை 0 ஆக்கினால் பி4ல் 2 வரும். அதாவது, மேலே வைத்துச் சட்டென்று கையை விட்டாலே சுமை இரட்டிப்பாகும். 1987ஆம் ஆண்டின் ஐ.எஸ். 875 இந்தியத் தர விதியும் லிஃப்டைத் தாங்கும் சட்டத்துக்குத் தாக்குதலுக்காக 100 சதவீதம் கூட்டச் சொல்கிறது.

எச்சரிக்கை ஒன்று. தேங்காய் மட்டை நசுங்குவதிலும் குழாயின் சொந்த எடையை அசைப்பதிலும் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். எனவே குழாய்க்கு வரும் நிஜமான சுமை இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் குழாய்க்கு நடுவே ஷீட்டின் மேல் விழுந்தால் இந்தக் கணக்கு உதவாது. ஆஸ்பெஸ்டாஸ் வளையாது, உடையும். புதிதாகக் கூரை போடுபவர்கள் இன்ஜினியரைக் கேட்டுச் செய்யவும்.

நான் என்ன செய்தேன்? கணக்கைப் பார்த்த அன்றே மேசையைக் கான்கிரீட் கூரை போட்ட அறைக்கு மாற்றிவிட்டேன். தென்னையில் முற்றிய காய்களையும் இறக்கியாயிற்று.