பிழையைத் தொடாமலே தீரும் நோய்

பெற்றோர் வழி வந்த நோய் உடம்போடு ஒட்டிய தலையெழுத்து என்றே நெடுங்காலம் எண்ணினோம். அந்த எண்ணத்தை ஒரு சிகிச்சை அசைத்துவிட்டது.

அரிவாள் செல் ரத்தசோகைக்குக் காரணம், ஹீமோகுளோபினைக் கட்டும் மரபணுவில் ஓரெழுத்துப் பிழை. அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலியைக் கொடுக்கின்றன. ஆனால் இந்நோயோடு பிறக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கிறார்கள். கருவில் உருவான வேறு வகை ஹீமோகுளோபின் அவர்களைக் காக்கிறது. பிறகு பிசிஎல்11ஏ என்ற மரபணு அதன் உற்பத்தியை அடக்கிவிட, நோய் தலைதூக்குகிறது.

விஞ்ஞானிகள் கைவைத்தது இந்த இடத்தில்தான். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து, கிறிஸ்பர் என்ற மூலக்கூறுக் கத்தரியால் பிசிஎல்11ஏ-வின் இயக்கத்தைத் தளர்த்துகிறார்கள். கடுமையான கீமோதெரபியால் எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழித்த பின், அந்தச் செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகிறது. பிழை அப்படியே இருக்கிறது. பாதிப்பு மட்டும் விலகுகிறது. சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டாவது கடும் வலி வரவில்லை. 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் 'காஸ்கெவி' என்ற இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தன.

கைவிட்ட திறன்களையும் உடம்பு தனக்குள் சேர்த்துவைத்திருக்கிறது, அவற்றை மீண்டும் எழுப்பலாம் என்பதே இதில் கிடைத்த புதிய பார்வை. இச்சிகிச்சை செய்யும் மாற்றம் ரத்தத்தோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய் 2018-இல் கருவிலேயே மரபணுவைத் திருத்தியது வேறு கதை. சம்மதம் சொல்ல வாய்ப்பே இல்லாத தலைமுறைகளின் உடம்பில் அவர் கைவைத்தார். அதற்குச் சிறைத் தண்டனையும் பெற்றார். இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை அழியவிடக் கூடாது.

இன்னொரு கோடும் இருக்கிறது. 2023-இல் அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் இச்சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். நம் நாட்டில் இந்நோயை அதிகம் சுமப்பவர்கள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் முதல் நீலகிரி வரை வாழும் பழங்குடி மக்கள். 2047-க்குள் இந்நோயை ஒழிக்க 2023-இல் தேசிய இயக்கம் தொடங்கிய அரசு, பரிசோதனையோடு நின்றுவிடாமல், குறைந்த செலவில் மரபணுச் சிகிச்சையை உள்நாட்டிலேயே உருவாக்கி அவர்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும். தலையெழுத்தை மாற்றும் அறிவு பணக்காரர்களுக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது.